நாலு மணிக்கு ஒழுகும் கூரை

என் கணவர் வீட்டில் இருக்கும்போது எங்கள் கூரை ஒருநாளும் ஒழுகியதில்லை. ஏழு மாத காலம் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வழக்கு இதுதான்.

கோலாலம்பூர் மழைக்கு நேரம் காலம் உண்டு. மூன்றரைக்கு வானம் கறுக்கும். நான்கு மணிக்குக் கொட்டத் தொடங்கும். ஐந்துக்குள் வெறித்து, வெயில்கூட எட்டிப் பார்த்துவிடும். அவர் ரயில்வே அலுவலகத்திலிருந்து வீடு வந்து சேர ஐந்தரை ஆகும். வரும்போது செருப்பில் மட்டும்தான் ஈரம் இருக்கும். சனி, ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளப்புக்குப் போனாலும் மழை விட்ட பிறகுதான் திரும்புவார்.

இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே ஏதாவது பழுதானால் அவர் நல்ல தாளில், அழகான கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவார். மூன்றாம் நாள் இரண்டு பேர் கருவிப் பெட்டியோடு வந்து சரிசெய்துவிட்டுப் போவார்கள். கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், உடைந்த கண்ணாடி எல்லாம் கடிதத்தில்தான் சரியாயின. வீடு என்பது கடிதம் எழுதினால் சரியாகிவிடும் ஒன்று என்று அவர் நம்பிவிட்டார். நானும்தான்.

பிறகு அவருக்குச் சொந்த வீட்டு ஆசை வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸின் ஓரத்தில், ரயில் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு பலகை வீட்டை வாங்கினார். செங்கல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு. தகரக் கூரை. பின்னால் சாய்ப்பாக இறக்கிய அடுப்படி. பினாங்குக்கு மாற்றலாகிப் போன ஒருவர் விற்றது. "இனிமே நமக்குச் சொந்தக் கூரை" என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கையில் ஒரு வயதுக் குழந்தை.

குடிவந்த மூன்றாம் வாரம் அடுப்படியில் முதல் சொட்டு விழுந்தது. அடுப்புக்கு இடப்பக்கம், அரிசிப் பானைக்கும் அம்மிக்கும் நடுவில். ஒரு கிண்ணத்தை வைத்தேன். மறுநாள் கிண்ணம் போதவில்லை, குண்டானை வைத்தேன். அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் ஒழுகியது. அங்கே மண்ணெண்ணெய் டின்னை வைத்தேன். மழை நின்றதும் எல்லாவற்றையும் கொட்டி, தரையைத் துடைத்து, அடுப்பு மூட்டி, அவர் வருவதற்குள் காப்பியும் பலகாரமும் தயாராக வைத்தேன். களைத்து வருகிற மனிதர் ஈரத்தில் கால் வைக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணத்துக்குத்தான் பிறகு வட்டியும் முதலுமாக அனுபவித்தேன்.

"என்னங்க, அடுப்படி ஒழுகுது."

அவர் காப்பியோடு போய் அண்ணாந்து பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"எங்க ஒழுகுது? காய்ஞ்சு கெடக்கே."

"தொடச்சுட்டேன்."

"சரி, பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் முடிந்தது என்று பொருள்.

மறுநாள் நான் துடைக்கவில்லை. வேண்டுமென்றே அப்படியே விட்டேன். அவர் வந்து ஈரத்தில் நின்று கேட்டார்: "கொடத்தைக் கவுத்துட்டியா?"

நான் சொன்னதை அவர் பொய் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தார். புது வீடு, புது இடம், பயம், அதனால் ஒரு சொட்டு எனக்கு ஒரு குடமாகத் தெரிகிறது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அதை மிகவும் பொறுமையாக என்னிடம் விளக்கவும் செய்தார். அந்தப் பொறுமைதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டாம் மாதம் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மழை பெய்யும்போது சொட்டு விழும் இடத்தைச் சுற்றி, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். தண்ணீர் காய்ந்தாலும் வட்டம் மங்கலாகவாவது இருக்கும். ஒரு வாரத்தில் அடுப்படித் தரையில் ஆறு வட்டங்கள். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு உற்சாகம் வந்தது. சாட்சி கிடைத்துவிட்டதல்லவா. அடிக்கோலை எடுத்து வந்து, சுவரிலிருந்து ஒவ்வொரு வட்டமும் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று அளந்து, நோட்டில் படம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், பளீரென்ற வெயிலில், பக்கத்து வீட்டு மூங்கில் ஏணியை இரவல் வாங்கிக் கூரை மேல் ஏறினார்.

தரையில் எங்கே வட்டமோ, அதற்கு நேர் மேலே கூரையில் ஓட்டை என்பது அவர் கணக்கு. அங்கே இருந்த ஆணிகளைச் சுற்றித் தார் பூசினார். ஆட்டம் கண்ட இடத்தில் புது ஆணி அடித்தார். மூன்று மணி நேரம் மேலே டங் டங் என்று சத்தம். இறங்கி வந்தபோது முழங்கை வரை தார்.

"இனிமே ஒரு சொட்டு எறங்காது."

திங்கட்கிழமை நாலு மணிக்கு எட்டு இடத்தில் ஒழுகியது.

பழைய ஆறு வட்டத்தில் நான்கில் ஒழுக்கு இல்லை. ஆனால் அவற்றுக்கு ஓர் அடி, இரண்டு அடி தள்ளிப் புதிதாக ஆறு. சாயங்காலம் அதைச் சொன்னபோது, "நாலு நின்னுருச்சுல்ல? அப்ப மருந்து வேலை செய்யுது" என்றார். மறு ஞாயிறும் ஏறினார். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து டங் டங் என்று கேட்டது. ஒவ்வொரு திங்களும் ஒழுக்கு இடம் மாறியது. நான் அடுப்படியில் ஒரு சொட்டைத் துரத்த, அவர் கூரை மேல் வேறொரு சொட்டைத் துரத்திக்கொண்டிருந்தார்.

தார் பூசியதில் இன்னொரு தொல்லையும் வந்தது. மத்தியான வெயிலில் தகரம் கொதிக்கும்போது தார் இளகி, ஆணி ஓட்டை வழியாக உள்ளே கறுப்பாகச் சொட்டியது. மழைத் தண்ணீராவது துடைத்தால் போகும். தார் போகாது. அரிசிப் பானை மூடியில், அம்மியில், என் கைத்தறிச் சேலையில் கறுப்புப் புள்ளிகள். இதைச் சொன்னால், "கொஞ்ச நாள்ல இறுகிரும்" என்றார். ஒருநாள் மழைக்காக அடுப்படிக் கொடியில் காயப்போட்டிருந்த அவருடைய வெள்ளை டிரில் கோட்டின் தோளில் இரண்டு சொட்டு விழுந்தது. அலுவலகத்துக்குப் போட்டுப் போகிற கோட்டு. அன்று சாயங்காலம் அவர் அந்தக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாளே, ஆசாரியைக் கூப்பிட வேண்டும் என்றார். என் சேலைக்கு வராத ஆசாரி கோட்டுக்கு வந்தார்.

அந்தச் சீன ஆசாரி எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வேலை செய்தவர். நல்ல வேலைக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள். மலாயில்தான் பேசுவார். "பேசோ" என்றார். நாளைக்கு என்று அர்த்தம். நாளைக்கு வரவில்லை. மறுபடியும் போய்க் கேட்டால் மறுபடியும் பேசோ. எத்தனையோ பேசோக்களுக்குப் பிறகு ஒரு மாலை வந்தார். ஏணிகூட வைக்காமல் கொல்லையில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு மாதம் முன்பு வாங்கிய வீட்டின் கூரையைப் பிரிப்பதா என்று அவரை அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கடிதம் எழுதினார். வீட்டை விற்றுவிட்டுப் பினாங்குக்குப் போன மனிதருக்கு, நல்ல தாளில், ஆங்கிலத்தில், வட்டங்களின் படத்தையும் இணைத்து. எழுதி முடித்து எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். 'தங்களுடைய மேலான கவனத்துக்கு' என்று அதில் ஒரு வரி வந்தது. எனக்குப் பின்னால் அந்த நேரம் அம்மியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. பதில் வரவில்லை. எதற்காக வரும்?

இதற்குள் என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி அடுப்படிக்கு வருவாள். ஒருநாள் மழையில், நான் நிறைந்த டின்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போன நேரம், அவள் ஈரத்தில் வழுக்கி அம்மியின் விளிம்பில் விழுந்தாள். முகவாய் பிளந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் அலறிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடி வந்து, சுத்தத் துணியை அழுத்திப் பிடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையோடு மழையாக மருந்துக் கடைக்காரரிடம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கட்டுப் போட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலையைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பாத்து நடக்க விடக்கூடாதா?"

 பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. அடுப்படிக்குள் போய், ஆறிப்போன அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. இனி இந்த மனிதரிடம் இந்தக் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மட்டும் தோன்றியது. இதை நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கூரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒழுக்கு மட்டும்தான். அதை ஆறு மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மறுநாளிலிருந்து பாத்திரம் வைத்த கையோடு ஓடிவிடாமல் நின்று பார்த்தேன். மழை தொடங்கியதும் ஒழுகுவதில்லை. கால்மணி நேரம் கழித்துத்தான் ஒழுகுகிறது. மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சொட்டுகிறது. ஆணி ஓட்டை என்றால் மழை விழுந்த உடனே ஒழுக வேண்டாமா? அப்படியானால் மேலே எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. நிறைந்த பிறகு உள்ளே வழிகிறது. இன்னொன்றும் பார்த்தேன். சொட்டு தகரத்திலிருந்து நேராக விழவில்லை. கூரையைத் தாங்கும் குறுக்குக் கட்டையின் அடிவயிற்றில் தண்ணீர் ஊர்ந்து வருகிறது. எங்கே ஒரு முடிச்சோ சிலாம்போ தட்டுப்படுகிறதோ அங்கே சொட்டுகிறது. அவர் அடிக்கோல் வைத்து அளந்ததெல்லாம் சொட்டு விழுந்த இடத்தை. தண்ணீர் நுழைந்த இடம் வேறு.

இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் கணவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அக்கா கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எதற்கும் அஞ்சாதவர்.

"அப்ப மழைக்கு எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கே?" என்றார். "நாமளே ஊத்திப் பாப்போம். ஒருத்தி மேல, ஒருத்தி உள்ள."

"மேல யாரு?"

"நான் ஏறுனா தகரம் தாங்காதுடி. நீதான்."

மறுநாள் காலை பத்து மணிக்கு என் கணவர் அலுவலகத்தில் இருக்கும்போது, குழந்தையை அக்காவின் இடுப்பில் கொடுத்துவிட்டு, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். அக்கா ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "ஆணி வரிசை மேலயே காலை வை. அங்கதான் கீழ கட்டை இருக்கும்" என்றார். நான் கால் வைக்கவில்லை, முழங்காலால் தவழ்ந்தேன். தகரம் அதற்குள்ளேயே சூடேறியிருந்தது. பிறகு அக்கா எனக்கு ஒரு கெண்டியில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். காலியானால் கயிற்றில் இறக்கி மறுபடி வாங்கிக்கொண்டேன்.

கூரையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கினேன். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது என்று தெரியாது. கீழே ஒரு கெண்டி ஊற்றினேன்.

"அக்கா, ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

ஒரு முழம் மேலே. "இப்ப?"

"இல்ல."

அவர் அடித்த ஆணிகளின் மேல் ஊற்றினேன். உள்ளே இரண்டு சொட்டு விழுந்தது என்றார் அக்கா. இரண்டு சொட்டு ஒரு டின்னை நிரப்பாது. இன்னும் மேலே போனேன். அடுப்படிச் சாய்ப்பின் நடுவில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை குறுக்காக ஒரு பட்டை ஓடியது. சிமெண்டும் தாருமாக ஒரு சாண் அகலத்துக்கு மெத்தென்று அப்பியிருந்தது. அதைப் பற்றி என் கணவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்: "முன்னாடி இருந்த ஆளு அந்த ஒரு எடத்தை மட்டும் ஒழுங்கா அடைச்சிருக்கான். அதைத் தொட வேண்டிய அவசியமே இல்ல."

அந்தப் பட்டைக்கு மேலே ஊற்றினேன். தண்ணீர் ஓடி வந்து பட்டையில் முட்டி நின்றது. குளம் கட்டியது. பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைந்தது. கீழ்ப்பக்கம் வழியவே இல்லை. எங்கோ போனது.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "நிறுத்து, நிறுத்து. கொட்டுது. கட்டை மேல ஆறா ஓடுது."

குனிந்து பட்டையின் வெடிப்பில் விரலை விட்டு நெம்பினேன். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அப்போதுதான் பார்த்தேன். அடுப்படி முதலில் சின்னதாக இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதை நீட்டியிருக்கிறார்கள். நீட்டும்போது புதுத் தகரத்தைப் பழைய தகரத்தின் அடியில் செருகாமல், அதன் மேலேயே தூக்கி வைத்து அடித்துவிட்டார்கள். மேலேயிருந்து ஓடி வருகிற தண்ணீர் கீழ்த் தகரத்தின் மேல் இறங்காமல் அதன் அடிக்குப் போகிறது. பழைய ஆணிகளைப் பிடுங்கச் சோம்பல். அந்தச் சோம்பலை மறைக்கத்தான் சிமெண்டும் தாரும். வருஷத்துக்கு வருஷம் அது வெடித்திருக்கிறது.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. கோபம். இவ்வளவுதானா? இதற்காகவா என் பிள்ளையின் முகவாய் பிளந்தது?

அந்தக் கோபத்தோடு நான் நிமிர்ந்து நின்றுவிட்டேன். நின்றிருக்கக் கூடாது. பின்னால் ஸ்டேஷனுக்கு மெல்லப் போய்க்கொண்டிருந்த ஒரு ரயில் எஞ்சினிலிருந்து நீளமாக ஊதல் கேட்டது. திரும்பினால், எஞ்சினில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, கையில் கெண்டியோடு கூரை மேல் நிற்கிற என்னை அவர்கள் யாரென்று நினைத்தார்களோ. பெட்டிகளில் இருந்தவர்களும் தலையை நீட்டினார்கள். நான் அப்படியே தகரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் ஓட்டுகிறவருக்கு எங்கள் வீடு தெரியும். மத்தியானத்துக்குள் செய்தி அலுவலகத்துக்குப் போய்விட்டது. என் கணவர் அன்று வழக்கத்தைவிட முன்னதாக வந்தார். மழைகூட அப்போதுதான் நின்றிருந்தது.

"கூரை மேல ஏறுனியா?"

"ஏறுனேன். எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். அந்தச் சிமெண்டுப் பட்டைக்கு..."

"ஆபீஸ்ல அத்தனை பேரும் என் மூஞ்சியப் பாத்து சிரிக்கிறான். உன் வீட்டுக் கூரைக்கு நல்ல ஆள் வச்சிருக்கியேன்னு கேக்குறான்."

"நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. தகரத்தை மாத்தி..."

"பொம்பளை ஏறுற எடமா அது? விழுந்திருந்தா?"

"பிள்ளை கீழயேதான் விழுந்துச்சு" என்றேன்.

அவர் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அதற்கப்புறம் ஐந்து நாள் பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். குழந்தையோடு பேசினார். எனக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொன்னார். அந்த ஐந்து நாளும் நாலு மணிக்கு மழை வந்தது. ஒழுக்கின் காரணம் எனக்குத் தெரியும். கை நீட்டினால் தொட்டுக்காட்டலாம். ஆனாலும் குண்டான் வைத்து, கொட்டி, துடைத்தேன். அந்த ஐந்து நாளைப் போல அந்த ஏழு மாதத்தில் வேறெதுவும் என்னை வாட்டவில்லை.

ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல். வேலைக்குப் போக முடியவில்லை. கஞ்சி கொடுத்துப் போர்த்திவிட்டேன். மூன்றரைக்கு வானம் கறுத்தது. நான் எப்போதும்போலக் குண்டான், அண்டா, இரண்டு டின், நாலு கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்தேன். விறகைப் பெஞ்சின் மேல் ஏற்றினேன். அரிசிப் பானையைக் கூடத்துக்குத் தூக்கிப் போனேன். குழந்தையைத் தூளியில் போட்டேன். யோசித்துச் செய்தது இல்லை, கை தானாகச் செய்தது. மழை அடித்தது. கால்மணி நேரத்தில் சொட்டத் தொடங்கி, பிறகு தாரையாக விழுந்தது.

திரும்பிப் பார்த்தால், போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் அடுப்படி வாசலில் நிற்கிறார். பாத்திரங்களைப் பார்க்கிறார். கூரையைப் பார்க்கிறார். அண்டா நிறைந்து, நான் அதை இழுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து மறுபடி வைக்கிறதைப் பார்க்கிறார்.

"இது எத்தனை நாளா இப்பிடி?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா, கையில் இருந்த டின்னை வீசுவதா என்று தெரியவில்லை.

"ஏழு மாசமா" என்றேன்.

அவர் வந்து அடுத்த டின்னைத் தூக்கினார்.  பாதித் தண்ணீரைக் கீழே கொட்டினார். "போய்ப் படுங்க" என்றேன். போகவில்லை. விறகுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மழை நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறுக்குக் கட்டையில் தண்ணீர் ஊர்வதைக் காட்டினேன். எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன். இந்த முறை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் பட்டையா?" என்று மட்டும் கேட்டார்.

காய்ச்சல் விட்டதும் ஆசாரியை அவரே போய்க் கூட்டி வந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவருக்கு அரை நாள் வேலை. ஆசாரி மேலே ஏறினார். நான் கீழே கொல்லையில் நின்று பட்டையைக் கை காட்டினேன். அவர் உளியால் சிமெண்டைப் பெயர்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு சீனத்தில் ஏதோ சொல்லி எச்சிலைத் துப்பினார். கூரையைக் கட்டியவனைத்தான் திட்டியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம், ஒரு வரிசை போதும் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

நடுவில் என்னைப் பார்த்து, "பாக்கு, பாக்கு" என்று கையை நீட்டினார். எனக்கு மலாய் அரைகுறை. வேலை செய்கிற மனிதர் வாய்க்குக் கேட்கிறார் என்று வெற்றிலைத் தட்டிலிருந்து நாலு கொட்டைப் பாக்கை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கணவர் பின்னாலிருந்து, "ஆணி கேக்குறாரு. மலாய்ல ஆணிக்குப் பேரு அது" என்றார். ஒரு வாரத்துக்கு மேலான பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். நான் சிரிக்கவில்லை. இன்னும் கோபமாகத்தான் இருந்தேன்.

ஆசாரி மேல்வரிசைத் தகரத்தின் கீழ் விளிம்பிலிருந்த ஆணிகளைப் பிடுங்கி, அதைக் கொஞ்சம் தூக்கி, கீழ்வரிசைத் தகரத்தை அதனடியில் செருகினார். ஆணியை அலை அலையான தகரத்தின் மேட்டில் அடித்தார். அப்படி அடித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, கீழே பார்த்துக் கேட்டார்: பள்ளத்தில் எல்லாம் ஆணி அடித்து வைத்திருக்கிறார்களே, யார் அது? தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் ஓட்டை போடுகிறவன் உண்டா?

என் கணவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அன்பினாலா, வேறெதனாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதிசயமாக அன்று மழை வரவில்லை, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. ஏழு மாதத் தொல்லைக்கு அரை நாள். திங்கட்கிழமை மழை பிடித்து அடித்தது. நான் பழக்க தோஷத்தில் குண்டானை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தத்தை அன்றுதான் வெறும் சத்தமாகக் கேட்டேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் மாதமே ஒருநாள் கிளப்புக்குப் போகாமல் வீட்டில் நின்று பார்த்திருந்தால் என்ன என்ற ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் வந்தார். அவர் வீட்டிலும் ஒழுக்காம். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். சொட்டு விழுற எடத்தைப் பாக்காதீங்க. கட்டையில எங்கேர்ந்து ஊர்ந்து வருதுன்னு பாருங்க. வெயில் நேரத்துல ஒருத்தர் மேல, ஒருத்தர் உள்ள. கீழேர்ந்து மேல ஊத்திக்கிட்டே போகணும். மேலேர்ந்து ஊத்துனா கெட்டுது. எங்க ரொம்ப அப்பி அடைச்சிருக்கோ அங்கதான் சந்தேகப்படணும். ஒன்றும் விடாமல் சொன்னார். நண்பர் ஆச்சரியமாகத் தலையை ஆட்டினார். நான் காப்பித் தம்ளரை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 

"இவதான் ஏறிப் பாத்தா" என்றார். குரலை இறக்கித்தான் சொன்னார். ஆனால் சொன்னார்.

நண்பர் என்னைப் பார்த்து, "ஓ, அன்னிக்கு ஊதினாங்களே, அதுவா" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மன்னிப்பு என்று அவர் கேட்டதில்லை. அந்தக் காலத்துக் கணவர்கள் அந்தச் சொல்லை அலுவலகக் கடிதத்தில் மட்டுமே பயன்படுத்தினார்கள். நானும் எதிர்பார்க்கவில்லை. மகளின் முகவாயில் ஒரு வெள்ளைக் கோடு நின்றுவிட்டது. 

அடுத்த மாதம் பின்கதவு இறுகிக்கொண்டது. இழுத்தால் வராது, தள்ளினால் போகாது. நான் தோளால் முட்டித் திறந்துகொண்டிருந்தபோது அவர் குளித்துவிட்டு வந்தார். உளியைத் தேடிப் போவார் என்று நினைத்தேன். அவர் கதவருகில் வந்து மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இது எப்ப இறுகுது? நாள் முழுக்கவா, மழைக்கு அப்புறமா?"

"மழைக்கு அப்புறந்தான். காலையில நல்லாத் தெறக்கும். கீழ்மூலைதான் பிடிக்குது."

"கீழ்மூலையா?" என்று குனிந்து பார்த்தார். "சரி. மரம் தண்ணி குடிக்குது. நல்லாக் காயட்டும், அப்புறம் சீவலாம். இப்பவே சீவினா வெயில் நாள்ல இடைவெளி விட்டுரும். என்ன சொல்ற?"

 கொஞ்ச நேரம் அவரைக் காத்திருக்க வைத்தேன். பிறகு, "காயட்டும்" என்றேன்.